அப்பாவுக்கு நெஞ்சில் கரண்ட்: மூச்சு சரியில்லை என்று சிடி மறுபடி எடுக்கிறார்கள், ஏன்?

கடியபட்டணம்_மகள் | சனி, இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 68 வயது. வலது நுரையீரலின் அடிப்பகுதியில், உதரவிதானத்துக்குச் சற்று மேலே 3 செ.மீ. கட்டி. பயாப்சியில் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. வேறு எங்கும் பரவவில்லை. நுரையீரலுக்கு ஆபரேஷன் தாங்கும் தெம்பு இல்லை, அதனால் 5 சிட்டிங் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்கலாம் என்று முடிவு செய்தார்கள்.

போன வியாழன் பிளானிங் சிடிக்கு, அதாவது கரண்ட் எங்கே வைப்பது என்று திட்டம் போட எடுக்கும் ஸ்கேனுக்கு, கூட்டிப் போனோம். இருட்டோடு கிளம்பி, களியக்காவிளை தாண்டி, எட்டு மணிக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். சிடி எடுத்து, சாயங்காலம் வரை உட்கார வைத்து, கடைசியில் "மூச்சு சரியாகப் பதியவில்லை, செவ்வாய் மறுபடி வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். விளக்கிச் சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை. மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம்.

கட்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, படமும் கையில் இருக்கிறது. அப்புறம் மூச்சு எதற்கு? இந்த 5 நாளில் கட்டி வளர்ந்துவிடாதா? தன்னால்தான் காரியம் கெட்டது என்று அப்பா சோற்றில் கையே வைக்க மாட்டேன் என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம்_கதிர் | சனி, இரவு 11.02

தங்கச்சி, நான் மெடிக்கல் பிசிசிஸ்ட், கதிர்வீச்சின் அளவையும் இடத்தையும் கணக்குப் போடுகிறவன். ஊர் மார்த்தாண்டம், வேலை கோவையில். உங்கள் அப்பாவின் படங்களை நான் பார்க்கவில்லை, அதனால் பொதுவாகத்தான் பேச முடியும். முதலில் ஒரு பயத்தைத் தள்ளி வையுங்கள். இந்த வகைக் கட்டிகள் இரண்டு மடங்காக பெரும்பாலும் மாதக் கணக்கு ஆகும். 5 நாளில் ஒன்றும் கைமீறாது.

ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். சிடி எடுக்கும்போது அப்பாவின் வயிற்றின் மேல் சின்னப் பெட்டி மாதிரி ஏதாவது வைத்தார்களா, அல்லது பெல்ட் கட்டினார்களா? அந்த நேரத்தில் அப்பா எப்படி மூச்சு விட்டார்?

கடியபட்டணம்_மகள் | ஞாயிறு, காலை 7.30

பூசைக்குப் போகும் வழியில் கேட்டேன் அண்ணே. வயிற்றில் ஒரு வெள்ளைப் பெட்டி வைத்தார்களாம், சோப்புக்கட்டி அளவு, அதில் பளபளவென்று புள்ளிகள். "அசையாமல் படுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்களாம்.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அப்பா இருபது வருஷம் சிப்பி எடுத்தவர். இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு பாறைக்கு அடியில் மூழ்குவார். அசையாதே என்றதும், நெஞ்சு அசைந்தால் படம் கெட்டுவிடும் என்று நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டாராம். முடியாதபோது சட்டென்று விட்டு இழுத்து, மறுபடி பிடித்தாராம். மைக்கில் ஏதோ சொன்னார்களாம், மூழ்கி மூழ்கி ஒரு காது போனவர், அவருக்குக் கேட்கவில்லை. "நல்லதுக்குத்தானே பிடிச்சேன்" என்று அழுகிறார்.

தக்கலை_டெக் | ஞாயிறு, காலை 9.10

படிக்கும்போதே மனசு கஷ்டமாகிவிட்டது. நான் ரேடியோதெரபி டெக்னாலஜிஸ்ட், 14 வருஷமாக இந்த வேலை. அப்பா மேல் ஒரு தப்பும் இல்லை. "அசையாதீங்க" என்று மட்டும் சொன்னால் பாதிப் பேர் மூச்சைத்தான் பிடிப்பார்கள். "கை, கால், தோள் அசையக் கூடாது, மூச்சு மட்டும் வீட்டில் படுத்திருப்பது மாதிரி தானாகப் போய் வரட்டும்" என்று நாங்கள் சொல்ல வேண்டும். அது எங்கள் வேலை. அப்பாவிடம் இதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

செவ்வாய்க்கு முன் வீட்டில் பழகலாம். தரையில் பாய் விரித்து மல்லாக்கப் படுக்கச் சொல்லுங்கள். இரண்டு கையும் தலைக்கு மேலே, 20 நிமிடம். கடைசிப் பத்து நிமிடத்தில்தான் தோள் வலிக்க ஆரம்பிக்கும், வலி வந்தால் மூச்சும் மாறும். தொப்புளுக்கு மேலே ஒரு தீப்பெட்டியை வைத்துவிட்டு அது ஏறி இறங்குவதைப் பாருங்கள். ஒரே சீராகப் போனால் போதும். ஆழமாக இழுக்க வேண்டாம்.

காது விஷயத்தைப் போனவுடன் சொல்லுங்கள். நல்ல காது எந்தப் பக்கம் என்றும் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம்_கதிர் | ஞாயிறு, மதியம் 1.40

அக்கா சொன்னதுதான் செவ்வாய்க்கு முக்கியம். "படம் இருக்கிறதே, மூச்சு எதற்கு" என்ற கேள்விக்கு நான் வருகிறேன். கொஞ்சம் நீளும்.

நுரையீரல் கட்டி ஒரு இடத்தில் நிற்பதில்லை. நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். ஒவ்வொரு முறையும் உதரவிதானம் இறங்கி ஏறும், கட்டியும் கூடவே போகும். நுரையீரலின் உச்சியில் இருக்கும் கட்டி சில மில்லிமீட்டர்தான் நகரும். அடிப்பகுதியில் இருப்பது 1, 2 செ.மீ. கூடப் போகும், சிலருக்கு அதற்கும் மேல். உங்கள் அப்பாவுக்கு இருப்பது அடிப்பகுதியில்.

சாதாரண சிடி ஒரு நொடியில் பிடித்த போட்டோ மாதிரி. அந்த நொடியில் கட்டி மேலே இருந்ததா கீழே இருந்ததா என்று அதில் தெரியாது. அதனால்தான் ஃபோர் டி சிடி எடுக்கிறோம். வயிற்றில் இருக்கும் பெட்டியின் புள்ளிகளை ஒரு கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும், மூச்சு ஒரு அலைக்கோடாகத் திரையில் ஓடும். சிடி படங்களை அந்தக் கோட்டோடு பொருத்தி, மூச்சின் 10 கட்டங்களாகப் பிரிப்போம். மூச்சைப் பிடித்துப் பிடித்து விட்டால் எந்தப் படம் எந்தக் கட்டம் என்று கணினி குழம்பிவிடும். உதரவிதானம் படிக்கட்டு மாதிரி வெட்டுவெட்டாக வரும். கட்டி இரண்டாக உடைந்ததுபோல் தெரியும், அல்லது உண்மையைவிடக் குட்டையாகத் தெரியும். அப்படிப்பட்ட படத்தை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதன் மேல் கோடு வரைய எந்த டாக்டருக்கும் கை வராது.

இப்போது கணக்கு. 3 செ.மீ. விட்டமுள்ள உருண்டை என்றால் சுமார் 14 கன செ.மீ. அது மூச்சோடு 15 மி.மீ. மேலும் கீழும் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். அது போய்வரும் இடம் முழுவதையும் சேர்த்தால் சுமார் 25 கன செ.மீ. இதை ஐடிவி என்போம். 1999ல் வந்த ஐசிஆர்யு (கதிர்வீச்சு அளவீடுகளுக்கான சர்வதேச ஆணையம்) 62ஆம் அறிக்கையில்தான் இந்தப் பெயர் நிலைத்தது. தினமும் படுக்க வைப்பதில் வரும் சின்ன வித்தியாசத்துக்காகச் சுற்றிலும் 5 மி.மீ. விட்டால் 52 ஆகிவிடும். அதுதான் பிடிவி, முழு டோஸ், அதாவது முழுக் கதிர்வீச்சு அளவு, போகிற இடம். அசையாத கட்டியாக இருந்தால் அதே 5 மி.மீ. விட்டும் 34க்குள் முடிந்திருக்கும். கூடுதலாக வரும் அந்த 18 கன செ.மீ. பெரும்பாலும் நல்ல நுரையீரல். ஏற்கெனவே மூச்சுக்குத் திண்டாடுகிறவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

பயந்துகொண்டு அகலமாக வைத்தால் நல்ல நுரையீரல் போகும். குறுக்கி வைத்தால் கட்டியின் ஒரு ஓரம் வெளியே போய்விடும். 5 சிட்டிங் முறையில் டோஸ் விளிம்பைத் தாண்டியதும் சரசரவென்று இறங்கும், ஒன்று ஒன்றரை செ.மீ.க்குள் ஏறக்குறைய பாதி. மூச்சைப் பிடித்த படத்தை வைத்து பிளான் போட்டிருந்தால், சிகிச்சையின்போது அப்பா இயல்பாக மூச்சு விடும் ஒவ்வொரு முறையும் கட்டியின் ஒரு பக்கம் அந்தச் சரிவில் போய் நின்றிருக்கும். அந்தப் படத்தை வேண்டாம் என்று ஒதுக்கியவர் யாரோ, அவர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்.

ஈத்தாமொழி_தென்னை | ஞாயிறு, மாலை 4.25

நான் இதே துறையில் ஆராய்ச்சி மாணவன். கதிர் அண்ணன் சொன்ன ஐடிவி முறையோடு எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. கட்டி போய்வரும் இரண்டு முனைகளையும் அது சரிசமமாக எடுத்துக்கொள்கிறது. நாம் மூச்சை இழுத்து முடித்த நிலையில் இருப்பது கொஞ்ச நேரம், விட்டு முடித்த நிலையில்தான் அதிக நேரம். கட்டியும் அப்படித்தான், மேல்பக்கமே நிறைய நேரம் நிற்கும். எப்போதாவது எட்டிப் பார்க்கும் கீழ்முனைக்கும் முழு டோஸ் கொடுப்பது வீண். ஆம்ஸ்டர்டாமில் சராசரி நிலையை மையமாக வைத்து பிளான் போடுகிறார்கள், பிடிவி சிறியதாக வருகிறது.

இதற்கு அடிப்படை, கட்டியைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும் என்று 2000ல் வான் ஹெர்க் குழு கொடுத்த சூத்திரம். எல்லா நாளும் ஒரே பக்கம் இழுக்கும் பிழையை 2.5ஆல் பெருக்க வேண்டும், நாளுக்கு நாள் அங்கும் இங்கும் ஆடும் பிழையை 0.7ஆல் பெருக்கினால் போதும். மூச்சு ஆட்டம் இரண்டாவது வகை.

மார்த்தாண்டம்_கதிர் | ஞாயிறு, மாலை 5.50

தம்பி, கொள்கையில் நீ சொல்வது சரி, மறுக்கவில்லை. ஆனால் சராசரி நிலை முறைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. பிளானிங் நாளில் பார்த்த மூச்சும் சிகிச்சை நாளின் மூச்சும் ஒத்துப்போக வேண்டும். இருமல் உள்ள, பயந்துபோன, காது கேட்காத 68 வயதுக்காரரிடம் நான் அதை நம்பி இறங்க மாட்டேன். சிட்டிங்கும் ஐந்தே ஐந்து. 30 சிட்டிங்கில் ஆடிக் கரைந்துபோவது ஐந்தில் கரையாது.

நீ சொன்ன சூத்திரமே தங்கச்சியின் கேள்விக்குப் பதில் என்பதையும் பார். பிளானிங் சிடியில் நடக்கும் தப்பு முதல் வகை. அது ஒரு நாளில் நடந்து ஐந்து நாளும் அப்படியே திரும்பும், 2.5 மடங்கு எடை அதற்குத்தான். எந்த நாளிலாவது ஒரு சிட்டிங்கில் இருமினால் அது அன்றோடு போகும். மறுபடி ஒரு முறை பஸ் ஏறி வரச் சொன்னது அதனால்தான்.

ஈத்தாமொழி_தென்னை | ஞாயிறு, மாலை 6.15

5 சிட்டிங் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. இந்த நோயாளிக்கு ஐடிவிதான் பாதுகாப்பு, ஒத்துக்கொள்கிறேன். 30 சிட்டிங் கேஸ்களில் என் வாதம் நிற்கும்.

கடியபட்டணம்_மகள் | ஞாயிறு, இரவு 8.40

அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். இன்றைக்கு அப்பா இரண்டு வாய் சாப்பிட்டார். ஒரு சந்தேகம். மூச்சுப் பிடிப்பதில் அப்பா கெட்டிக்காரர் ஆயிற்றே. அவரை மூச்சைப் பிடிக்கச் சொல்லியே கரண்ட் வைத்துவிட்டால் கட்டி அசையாமல் நிற்குமே?

தக்கலை_டெக் | ஞாயிறு, இரவு 9.30

நல்ல கேள்வி. அப்படி ஒரு முறை உண்டு, இழுத்துப் பிடித்து வைக்கச் சொல்லி அந்த நேரத்தில் மட்டும் கதிரை விடுவோம். இடது மார்புப் புற்றுநோய்க்கு இதயத்தைக் காப்பாற்ற இது நிறையப் பயன்படுகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் அதே அளவு இழுத்து, 20 விநாடியாவது பிடித்து, திரும்பத் திரும்பச் செய்ய முடிய வேண்டும். அப்பா அந்தக் காலத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் மூழ்கியிருப்பார். இப்போது ஆபரேஷனே தாங்காது என்று சொன்ன நுரையீரல் அது. அவரிடம் கேட்டால் முடியும் என்றுதான் சொல்வார், உடம்பு ஒத்துழைக்க வேண்டுமே.

வேறு வழிகளும் உண்டு. மூச்சு ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் இருக்கும்போது மட்டும் கதிரை விட்டு, மற்ற நேரம் நிறுத்தி வைப்பது ஒன்று, நேரம் பிடிக்கும். கட்டியைப் பின்தொடர்ந்தே போகும் மெஷின்களும் இருக்கின்றன. வயிற்றை ஒரு தட்டால் அழுத்தி உதரவிதானத்தின் ஆட்டத்தைக் குறைப்பது பழைய வழி. 1990களில் ஸ்வீடனின் கரோலின்ஸ்காவில் பிளோம்கிரென், லாக்ஸ் இருவரும் இந்த அதிக டோஸ் சிகிச்சையை உடம்புக்குக் கொண்டுவந்தபோதே அந்தத் தட்டும் இருந்தது. சிலருக்கு நன்றாக வேலை செய்யும். எலும்பும் தோலுமாக இருப்பவர்களுக்கு வலிக்கும், வலித்தால் மூச்சு தாறுமாறாகும், எதற்கு அழுத்தினோமோ அது கெட்டுவிடும். எதையும் நாமாகப் போய்க் கேட்க வேண்டாம், அளந்து பார்த்துவிட்டு அவர்களே சொல்வார்கள்.

மார்த்தாண்டம்_கதிர் | ஞாயிறு, இரவு 9.55

2006ல் வந்த ஏஏபிஎம் (அமெரிக்க மெடிக்கல் பிசிசிஸ்ட்கள் சங்கம்) 76ஆம் குழு அறிக்கை 5 மி.மீ.க்கு மேல் ஆட்டம் இருந்தால் அதை அடக்க ஏதாவது செய்யப் பாருங்கள் என்கிறது. மேலே போட்ட கணக்கில் அழுத்தும் தட்டு 15 மி.மீ.யை 7 ஆக்கினால் 52 கன செ.மீ. 42 ஆகும். தாங்க முடிந்தவருக்கு அது நல்ல லாபம்.

மணக்குடி_காயல் | திங்கள், காலை 6.50

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கடியபட்டணம் மணவாளக்குறிச்சிப் பக்கம்தானே, அங்கே மணலில் தோரியம் இருக்கிறதே, நோய் அதனால் வந்திருக்குமோ?

மார்த்தாண்டம்_கதிர் | திங்கள், காலை 8.05

நம் கடற்கரை மோனசைட் மணலில் தோரியம் இருப்பது உண்மை. இதேபோன்ற மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2009ல் வெளியிட்ட ஆய்வில், இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. தனி இழை திறந்தால் அங்கே விரிவாகப் பேசலாம். இங்கே தங்கச்சிக்கு நாளைக்கு சிடி.

குலசேகரம்_ரப்பர் | திங்கள், மதியம் 12.20

என் அனுபவத்தையும் சொல்கிறேன். எனக்கு இடது பக்கம் பெரிய கட்டி, கீமோவோடு 30 சிட்டிங், மொத்தம் 60 கிரே (கதிர்வீச்சு டோஸின் அலகு). கட்டி மூச்சுக்குழாயை அடைத்து நுரையீரலின் ஒரு பகுதி சுருங்கிப்போயிருந்தது. 12ஆவது சிட்டிங் வாக்கில் எனக்குத் திடீரென்று மூச்சு லேசானது. சந்தோஷமாக இருந்தேன், யாரிடமும் சொல்லவில்லை. தினமும் கரண்டுக்கு முன் எடுக்கும் படத்தைப் பார்த்த டெக்னாலஜிஸ்ட் பையன்தான் கண்டுபிடித்தான். சுருங்கியது விரிந்துவிட்டது, கட்டி இருந்த இடத்திலிருந்து நகர்ந்துவிட்டது. இரண்டு நாள் நிறுத்தி, புதிதாக சிடி எடுத்து, புதிய பிளான் போட்டார்கள். இளைத்தாலும், இருமல் கூடினாலும் குறைந்தாலும் மேஜையில் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடச் சொல்லுங்கள். நல்ல மாற்றம் என்றாலும் சொல்ல வேண்டும். எனக்கு அது தெரியாமல் போயிற்று.

அறுபதுக்கு மேல் கூட்டிக் கொடுத்தால் இன்னும் நல்லதில்லையா என்று நானும் அப்போது கேட்டேன்.

மார்த்தாண்டம்_கதிர் | திங்கள், மதியம் 1.15

கேட்டுப் பார்த்தார்கள் ஐயா. அமெரிக்காவில் ஆர்டிஓஜி 0617 என்ற ஆய்வில் 60க்கும் 74 கிரேக்கும் போட்டி வைத்தார்கள். 2015ல் முடிவு வந்தது. 74 வாங்கியவர்கள்தான் குறைந்த காலம் வாழ்ந்தார்கள். உங்கள் பிளானை நடுவில் மாற்றியது அதைவிடப் பெரிய உதவி.

நெய்யூர்_வாசி | திங்கள், மாலை 6.30

மக்களே, எனக்கு இந்த டோஸ் கணக்கு ஒன்றும் பிடிபடாது. மூச்சு என்றதும் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் சர்ஜனாக இருந்த சோமர்வெல் டாக்டர் நினைவு வந்தது. 1922லும் 1924லும் எவரெஸ்ட் ஏறப் போனவர். 1924ல் இறங்கி வரும் வழியில் தொண்டையின் உள்தோல் குளிரில் பெயர்ந்து அடைத்துக்கொண்டு மூச்சே நின்றுபோனது. பனியில் உட்கார்ந்துவிட்டார். கடைசியாகத் தன் நெஞ்சைத் தானே இரண்டு கையாலும் அழுத்தி அதை இருமித் துப்பிப் பிழைத்தார். ஒரு மூச்சின் அருமை தெரிந்த மனுஷன் நம் ஊர் ஏழைகளுக்குக் கத்தி பிடித்தார். மகளே, அப்பாவுக்கு இந்தக் கதையைச் சொல்லு. கடல்காரருக்கு மலைக்காரர் கதை பிடிக்கும்.

கடியபட்டணம்_மகள் | செவ்வாய், இரவு 9.20

சிடி முடிந்தது! நேற்று இரவு பாயில் படுக்க வைத்து வயிற்றில் தீப்பெட்டி வைத்தேன். முதலில் மறுபடியும் பிடித்தார். அக்கா சொன்னதை எப்படிப் புரியவைப்பது என்று தெரியாமல், "அப்பா, மூழ்குற மூச்சு வேண்டாம், வலை பொத்துற மூச்சு விடுங்க" என்றேன். திண்ணையில் உட்கார்ந்து வலையின் கிழிசலைப் பொத்தும்போது மூச்சு இருப்பதே தெரியாதே, அது. சிரித்துவிட்டார். அப்புறம் தீப்பெட்டி ஒரே சீராக ஏறி இறங்கியது.

இன்றைக்கு காது விஷயத்தை முதலிலேயே சொன்னோம். புதிதாக ஒரு தம்பி இருந்தார், பக்கத்திலேயே நின்று தோளில் கை வைத்துச் சொல்லிக் கொடுத்தார். கட்டி 12 மி.மீ. நகருகிறது என்றார்கள். தட்டு வைத்துப் பார்த்தார்கள், அப்பாவுக்கு விலா வலித்தது, எடுத்துவிட்டார்கள். ஐடிவி வைத்தே பிளான், 50 கிரே, ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

ஒரு பயம் மட்டும் பாக்கி. மெஷினுக்குள் சின்னச் சின்ன இலைகள் நகர்ந்து நகர்ந்து கதிரை வடிவமைக்கும் என்றார்கள். அதுவும் நகர்ந்து கட்டியும் நகர்ந்தால் ஒன்றுக்கொன்று தப்பிவிடாதா?

மார்த்தாண்டம்_கதிர் | செவ்வாய், இரவு 10.10

வலை பொத்துகிற மூச்சு! இதை நாளைக்கே என் டிபார்ட்மென்டில் சொல்லப்போகிறேன்.

இலைகள் பற்றிய பயம் எங்களுக்கும் உண்டு. இலை ஒரு பக்கம் திறக்கும்போது கட்டி மறுபக்கம் போயிருந்தால் அந்த நொடியில் ஓரிடத்தில் டோஸ் குறையும், வேறிடத்தில் கூடும். பழைய கோபால்ட் மெஷினில் இந்தத் தொல்லை கிடையாது, அகலமான ஜன்னலைத் திறந்துவிட்டு நிற்பதுதான் அதன் வேலை. இப்போது ஒரு சிட்டிங்கிலேயே கதிர் சில நிமிடம் பாயும், அதற்குள் கட்டி பல பத்து முறை ஏறி இறங்கும், மெஷினும் ஒரு முறைக்கு மேல் சுற்றி வரும். தப்பியது அடுத்த சுற்றில் பெரும்பாலும் நிரம்பிவிடும். இலைகளைத் தேவையில்லாமல் குறுக்காமல் பிளானை எளிமையாக வைப்பதும், அசையும் மாதிரிப் பொம்மையில் டோஸை அளந்து பார்ப்பதும் பிசிசிஸ்ட் பொறுப்பு.

இன்னொரு நுணுக்கம், உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியதில்லை, ஆர்வத்துக்குச் சொல்கிறேன். நுரையீரல் பஞ்சு மாதிரி, அடர்த்தி தண்ணீரில் கால்பங்குதான் வரும். கட்டி அதற்குள் வைத்த நெல்லிக்காய். பஞ்சுக்குள் கதிரின் எலக்ட்ரான்கள் தூரமாகச் சிதறுவதால் கட்டியின் ஓரத்தில் டோஸ் மெலியும். பழைய கணக்கு முறைகள் அதைக் கண்டுகொள்ளாமல் போதுமான டோஸ் போனதாகக் காட்டின. இப்போதைய முறைகள் பிடித்துவிடுகின்றன, அதுவும் 10 கட்டங்களின் சராசரிப் படத்தின் மேல் கணக்குப் போடும்போது.

நம்பிக்கைக்கு ஒன்று. ஆபரேஷன் செய்ய முடியாத 55 பேருக்கு 3 சிட்டிங்கில் 54 கிரே கொடுத்த அமெரிக்க ஆய்வு 2010ல் வந்தது. 3 ஆண்டு கழித்தும் 97.6 சதவீதம் பேருக்கு அந்தக் கட்டி இருந்த இடத்தில் அடங்கியே இருந்தது. அவர்களுக்கு மற்ற நோய்களும் இருந்ததால் ஆயுள் கணக்கு அவ்வளவு உயரம் இல்லை. அப்பாவின் இதயம், சுவாச மருந்துகள் எதையும் இந்த வாரங்களில் விட்டுவிடாதீர்கள்.

கடியபட்டணம்_மகள் | அடுத்த வாரம் வியாழன், இரவு 8.05

முதல் சிட்டிங் முடிந்தது. மேஜையில் ஏற்றி படம் எடுத்தார்கள், 4 மி.மீ. தள்ளியிருக்கிறது என்று மேஜையைத் திருத்திவிட்டு ஆரம்பித்தார்கள். வெளியே இருந்த திரையில் அப்பாவின் மூச்சுக்கோடு தெரிந்தது. அந்தத் தம்பி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார், ஒரே உயரத்தில் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தது, கரையோரம் காற்றில்லாத நாளில் வரும் அலை மாதிரி. நடுவில் ஒரு முறை இருமினார். கதிர் நின்றது. கோடு அடங்கியதும் மறுபடி ஓடியது.

வண்டியில் வரும்போது பாறசாலை பக்கம் நிறுத்தி சாயா வாங்கிக் கொடுத்தேன். ஒன்றும் சுடவில்லையே, கரண்ட் உண்மையிலேயே வைத்தார்களா என்று இரண்டு முறை கேட்டார். சனிக்கிழமை அடுத்தது. வெறும் கையாகப் போகக் கூடாதாம், அந்தத் தம்பிக்கு நெத்திலிக் கருவாடு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.